இரும்புக்கையும் சிலந்தி வலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சூப்பர்ஹீரோ தொடர்கள், வீடியோ கேம்கள் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். புதுச்சேரியிலிருந்தும் கடலூர் மாவட்டத்திலிருந்தும் வந்த கடிதங்களில் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்தவற்றை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி: அண்மையில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள், என்ன விளையாடுகிறீர்கள்?
கல்லூரி மாணவர், வில்லியனூர்

இரண்டு மாதங்களாக என் இரவுகள் இரண்டு படைப்புகளுக்கே போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்று, 2015இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கி 2018 வரை மூன்று சீசன்களாக வந்து, 2022இல் டிஸ்னியின் தளத்துக்கு மாறிய ‘டேர்டெவில்’ தொடர். 2025 மார்ச்சில் அதன் தொடர்ச்சியாக ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ வெளிவந்ததால், பழையதை முதலிலிருந்து இரண்டாம் முறையாகப் பார்க்க உட்கார்ந்தேன். மற்றொன்று, 2018இல் இன்சோம்னியாக் நிறுவனம் உருவாக்கி பிளேஸ்டேஷன் 4 என்னும் கன்சோலுக்கு (தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவிக்கு) வெளிவந்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ விளையாட்டு.

டேர்டெவிலின் நாயகன் மாட் மர்டாக், சிறுவனாக இருந்தபோது ஒரு முதியவரை லாரியின் பாதையிலிருந்து தள்ளிக் காப்பாற்றியவன். அந்த விபத்தில் சிந்திய இரசாயனம் கண்ணில் பட்டுப் பார்வையை இழந்தவன். மற்றப் புலன்கள் கூர்மையடைந்த அவன், பகலில் ஏழைகளுக்காக வழக்காடுகிறான். இரவில் முகத்தில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறான். முதல் சீசனின் இரண்டாம் எபிசோடு முடியும் இடத்தில், கடத்தப்பட்ட ஒரு சிறுவனை மீட்பதற்காகக் குறுகிய நடைவழி ஒன்றில் அவன் போடும் சண்டை, ஏறத்தாழ மூன்று நிமிடம் வெட்டு இல்லாத ஒரே காட்சியைப் போல நீள்கிறது. அடிவாங்கியவர்கள் விழுந்த இடத்திலேயே கிடப்பதில்லை. மறுபடியும் எழுந்து வருகிறார்கள். நாயகனுக்கு மூச்சு வாங்குகிறது. ஒரு கட்டத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறான், பிறகுதான் அடுத்த ஆளை நோக்கிப் போகிறான். முதல் முறை பார்த்தபோது ஒளிப்பதிவை வியந்தேன். இம்முறை, அவன் சாய்ந்து நிற்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே காட்சியை மூன்று முறை பின்னால் தள்ளிப் பார்த்தேன். இவன் தோற்றுவிடக்கூடும் என்ற அச்சம் அங்கேதான் எனக்குள் வந்தது, அந்த அச்சம் வந்த பிறகே கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

ஸ்பைடர்மேன் விளையாட்டில் நாயகன் பீட்டர் பார்க்கருக்கு வயது 23. எட்டு ஆண்டுகளாக வேடம் பூண்டு வருகிறவன். ஆயினும் வாடகை பாக்கிக்காக அவனை அறையிலிருந்து வெளியேற்றிவிடுகிறார்கள். அவன் எறியும் வலை ஒட்டிக்கொள்வதற்கு உண்மையிலேயே ஒரு கட்டடம் அங்கே இருக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் அழகான கட்டுப்பாடு. வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே பறந்து வந்தவன், சென்ட்ரல் பூங்காவுக்குள் நுழைந்ததும் மரங்களைப் பற்றிக்கொண்டு தாழ்வாக ஊசலாடத் தொடங்குகிறான். காலையில் நம் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. இரண்டு மூன்று மாடிகளுக்கு மேல் உயராத நம் பழைய வீதிகளில் அவனுடைய வலைக்குப் பிடிமானம் எங்கே கிடைக்கும்? அந்த ஆற்றலில் பாதி அவனுடையது, மீதி நியூயார்க் நகரத்துடையது.

இதே விளையாட்டில், எந்த ஆற்றலும் இல்லாத, பீட்டரின் தோழி மேரி ஜேனாகவும் சிறுவன் மைல்ஸாகவும் ஆடவேண்டிய பகுதிகள் உண்டு. காவலர்களின் கண்ணில் படாமல் பதுங்கிச் செல்வதைத் தவிர அவர்களால் அதிகம் எதுவும் செய்ய முடியாது. வேகம் குறைகிறது என்று பலர் இப்பகுதிகளைக் குறை கூறுகிறார்கள். நான் அவற்றை மிகவும் மதிக்கிறேன். சற்று முன்பு பத்துப் பேரை ஒரே நேரத்தில் சமாளித்த அதே கைகள், இப்போது ஒரே ஒரு காவலன் முகத்தைத் திருப்பும்வரை பெட்டிக்குப் பின்னால் காத்திருக்கின்றன. தொடரில் நாயகனின் இயலாமையை நாம் பார்க்கிறோம். விளையாட்டில் அதை விரல் நுனியில் சுமக்கிறோம்.

கேள்வி: இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவன் நான். அந்தக் காலத்து நாயகர்கள் வந்தார்கள், துணிச்சலாக வேலையை முடித்தார்கள். இன்றைய தொடர்களில் நாயகர்கள் எப்போது பார்த்தாலும் துயரத்தில் மூழ்கியிருக்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது?
ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருப்பாதிரிப்புலியூர்

ஐயா, நீங்கள் சொன்ன மாயாவியிடமே இதற்கான விடை இருக்கிறது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது. அதன் மூலம், 1962 அக்டோபரில் ‘வேலியன்ட்’ என்னும் பிரிட்டிஷ் வார இதழின் முதல் இதழிலேயே தொடங்கிய சித்திரக்கதை; அதை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்த லூயிஸ் கிராண்டல் ஒரு விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் முழுவதும் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது.

அந்த மறையாத கையை எண்ணிப் பாருங்கள். உலகின் கண்ணிலிருந்து முற்றிலும் மறையக்கூடிய மனிதன் ஒருவனால், தான் இழந்ததன் அடையாளத்தை மட்டும் மறைக்க முடியவில்லை. காற்றில் தனியாக மிதந்துவரும் அந்தக் கையின் படத்தை நாமெல்லாம் சிறுவயதில் வியப்போடு பார்த்தோம். அதற்குள் இருந்த சோகம் இப்போதுதான் எனக்குப் புலப்படுகிறது. தொடக்கக் கதைகளில் கிராண்டல் நல்லவனாகவும் இல்லை. கிடைத்த ஆற்றலைத் தவறான வழியில் செலுத்தி, பிறகு திருந்தி, அதன்பின்பே இரகசிய உளவாளியாகிறான்.

இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, அதே 1962இன் ஆகஸ்ட் மாதத்தில்தான் அமெரிக்காவில் ஸ்பைடர்மேன் முதன்முதலாக அச்சில் தோன்றினான். தன் அலட்சியத்தால் தப்பவிட்ட திருடனே தன் பெரியப்பாவைக் கொன்றான் என்று அறிந்து நொறுங்கும் பள்ளி மாணவன் அவன். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் ஒரே ஆண்டில், ஆற்றலோடு குற்றத்தையும் இழப்பையும் சேர்த்துச் சுமக்கும் இரண்டு நாயகர்கள் பிறந்திருக்கிறார்கள். ஆகவே துயரம் புதிதன்று, ஐயா. அதற்கு ஒதுக்கப்படும் நேரம்தான் புதிது. அன்று சில கட்டங்களில் சொல்லி முடித்ததை, இன்று 13 எபிசோடுகளுக்கு நீட்டுகிறார்கள்.

இந்த நீட்டிப்பைப் பற்றிய உங்கள் மனக்குறையில் எனக்கும் பங்கு உண்டு. டேர்டெவிலின் இரண்டாம் சீசனில், நிஞ்சாக் கூட்டம் நுழைந்த பிறகு வரும் எபிசோடுகளில் கதையைவிட இருட்டே மிகுதியாக இருக்கிறது. இதற்கு நேர் எதிராக, 2021இல் வந்த ‘வாண்டாவிஷன்’ ஒன்பதே எபிசோடுகளில் ஒரு பெண்ணின் துக்கத்தை வியக்கத்தக்க முறையில் சொல்லிவிடுகிறது. அன்புக்குரியவனை இழந்த வாண்டா, ஒரு சிற்றூர் முழுவதையும் தன் ஆற்றலால் பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடராக மாற்றி, அதற்குள் அவனோடு குடித்தனம் நடத்துகிறாள். முதல் எபிசோடு 1950களின் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. ஒவ்வொரு எபிசோடாகக் காலம் நகர்கிறது. அவள் அழுவதைக் காட்டுவதற்கு முன்பே, அவள் கட்டியெழுப்பிய அந்தப் பொய்யான மகிழ்ச்சியை நமக்குக் காட்டிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு தொடர் மட்டும் பார்ப்பதாக இருந்தால், இதைப் பாருங்கள்.

கேள்வி: நீரிழிவு நோயால் எனக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. பார்வையற்ற நாயகன் ஒருவனின் தொடரை என் பேரன் பார்க்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து சண்டைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் அந்தக் கதையைத் தொடர வழி இருக்கிறதா?
ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

அம்மா, வழி இருக்கிறது. உங்கள் கேள்வியைப் போன்ற ஒரு கேள்வியால்தான் அந்த வழி அந்தத் தொடருக்குப் பிறந்தது என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

டேர்டெவிலின் முதல் சீசன் 2015 ஏப்ரல் 10ஆம் நாள் வெளியானது. நாயகன் பார்வையற்றவன், ஆனால் பார்வையற்றவர்கள் அந்தத் தொடரைப் பின்தொடர்வதற்கான ஒலி விவரிப்பு அன்று அதில் இல்லை. பார்வைக் குறைபாடு உடையவர்கள் இதைச் சுட்டிக்காட்டிக் குரல் எழுப்பினார்கள். நான்கே நாள்களில், ஏப்ரல் 14ஆம் நாள், நெட்ஃபிளிக்ஸ் தன் ஒலி விவரிப்புச் சேவையை அறிவித்தது. அந்தச் சேவை முதலில் வந்த தொடர் டேர்டெவில்தான்.

ஒலி விவரிப்பு என்பது, உரையாடல்களுக்கு இடையே கிடைக்கும் இடைவெளிகளில், திரையில் நடப்பதை ஒருவர் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வருவது. யார் உள்ளே வந்தார், கையில் என்ன இருக்கிறது, முகம் எப்படி மாறியது என்பவற்றை அந்தக் குரல் சொல்லும். திரையில் ஒலி மொழியையும் வசன வரிகளையும் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறக்கும்படி பேரனிடம் சொல்லுங்கள். அங்கே ஆங்கிலம் என்பதற்கு அருகில் ‘ஆடியோ டிஸ்கிரிப்ஷன்’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று இரவு, மேலே நான் எழுதிய அதே நடைவழிச் சண்டையைக் கண்களை மூடிக்கொண்டு கேட்டேன். முதலில் விவரிப்பு இல்லாமல் கேட்டபோது, அடியும் மூச்சும் உடைந்து விழும் பொருள்களின் ஓசையும் மட்டுமே வந்தன. அந்தக் காட்சியை மனப்பாடமாக அறிந்தவன் நான். எனக்கே யார் விழுந்தார், யார் எழுந்தார் என்று தெரியவில்லை. நீங்கள் எத்தனை மாலைகளை அப்படிக் கழித்திருப்பீர்கள் என்று நினைத்தபோது மனம் கனத்தது. பிறகு விவரிப்போடு கேட்டேன். நடப்பவை வரிசையாக விளங்கின.

நான் கேட்ட விவரிப்பு ஆங்கிலத்தில் உள்ளது. அதன் வேகம் உங்களுக்குத் தடையாக இருந்தால், அந்த வேலையைப் பேரனிடமே ஒப்படைத்துவிடுங்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டுத் திரைப்படத்தை மனத்திலேயே ஓட்டிப் பார்த்த தலைமுறை உங்களுடையது; எந்த இடத்தில் என்ன தெரிந்தால் கதை விளங்கும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். பேரனுக்கு அதை நீங்கள் கற்றுக்கொடுக்கலாம். “சண்டை போடுகிறான்” என்று சொன்னால் போதாது, “கதவுக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்திருக்கிறான், இவனுக்கு அவன் மூச்சு கேட்டுவிட்டது” என்று சொல் என்று திருத்துங்கள். ஒரு தமிழாசிரியையின் பேரனுக்கு இதைவிட நல்ல மொழிப்பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். மாட் மர்டாக்கைப் பார்வையற்றவர்களின் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரில் இருப்பவரின் இதயத்துடிப்பைக் கேட்டே அவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கிறவன் அவன், அது கற்பனை. ஆனால் அவன் கைத்தடியைப் பிடிக்கும் விதமும் பிரெயில் எழுத்தில் விரல் ஓடும் விதமும் கற்பனையாகத் தெரிவதில்லை. நாயகனாக நடித்த சார்லி காக்ஸ் பார்வையுள்ளவர். அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளையைச் சேர்ந்த, தாமே பார்வையற்றவரான ஓர் ஆலோசகரிடம் இவற்றைப் பயின்று நடித்தார்.

விளையாட்டுகளிலும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2’ என்னும் விளையாட்டில், குறைபாடு உடையவர்களுக்காக 60க்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. எழுத்துகளை வாசித்துக் காட்டும் குரல், செல்ல வேண்டிய திசையை உணர்த்தும் ஒலி, எதிரி அருகில் இருப்பதைத் தெரிவிக்கும் ஒலி ஆகியவற்றின் துணையோடு, பார்வை முற்றிலும் இல்லாதவர்களே அதை முழுமையாக ஆடி முடித்திருக்கிறார்கள். அது வன்முறை மிகுந்த விளையாட்டு, ஆகையால் உங்களுக்குப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். 2023இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ விளையாட்டில் ஹெய்லி என்னும் காது கேளாத ஓவியப் பெண் வருகிறாள். ஒரு பகுதியில் நாமே அவளாக ஆட வேண்டும், அப்போது நகரத்தின் இரைச்சல் முழுவதும் மங்கிப்போகிறது. கட்டடங்களுக்கு மேலே பறந்த பல மணி நேரத்தைவிட, அந்த அமைதியில் தெருவில் நடந்த சில நிமிடங்களே என்னோடு தங்கிவிட்டன.

முதல் எபிசோடு கேட்ட பிறகு எப்படி இருந்தது என்று பேரனிடம் சொல்லி எனக்கு எழுதச் செய்யுங்கள், அம்மா. காத்திருப்பேன்.

கேள்வி: என் பதினொரு வயது மகன் ‘தி பாய்ஸ்’ பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். சூப்பர்ஹீரோ தொடர்தானே, அனுமதிக்கலாமா?
ஒரு தாய், முத்தியால்பேட்டை

வேண்டாம், சகோதரி. 2019இல் அமேசான் பிரைமில் தொடங்கிய அந்தத் தொடர், பெரு நிறுவனம் ஒன்றின் கையில் சிக்கிய சூப்பர்ஹீரோக்கள் எவ்வளவு கொடியவர்களாக மாறுவார்கள் என்பதைப் பெரியவர்களுக்காகச் சொல்வது. வன்முறையும் பாலியலும் அதில் எல்லை மீறி வரும். அதே தளத்தில் 2021இல் வந்த ‘இன்வின்சிபிள்’ கார்ட்டூன் வடிவில் இருப்பதால் பெற்றோர் பலர் ஏமாந்துபோகிறார்கள். அதன் முதல் எபிசோடின் கடைசிக் காட்சி, பெரியவர்களையே உலுக்கும் இரத்தக்களரி.

முகமூடியையும் மேலங்கியையும் பார்த்து முடிவு செய்யாமல், தொடக்கத்தில் திரையின் மூலையில் தெரியும் வயதுக் குறியைப் பாருங்கள். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் ஓடிடி தளங்கள் தங்கள் படைப்புகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என ஐந்தாகப் பிரிக்க வேண்டும்; 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். உங்கள் வீட்டுக் கணக்கில் மகனுக்குத் தனிச் சுயவிவரம் ஏற்படுத்தி, பூட்டைப் போட்டுவிடுங்கள்.

மறுத்த கையோடு வேறொன்றைக் கொடுக்கவும் வேண்டும். 1992இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூன் தொடரை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். அதன் பின்னணி ஓவியங்களைக் கறுப்புத் தாளில் வண்ணம் தீட்டி வரைந்தார்கள். அந்த இருட்டுக்கு இணையான அழகை இன்றைய கணினி ஓவியத்திலும் நான் அதிகம் கண்டதில்லை. சற்று வளர்ந்த பிறகு, 2022இல் வந்த ‘மிஸ் மார்வெல்’ தொடரைக் காட்டலாம். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண்ணான கமலா கானுக்கு, பாட்டி வழியில் வந்த ஒரு காப்பிலிருந்து ஆற்றல் கிடைக்கிறது. அந்தக் காப்பின் கதை 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின் இரயில் நிலையத்துக்கு நம்மை அழைத்துச் செல்லும். நம் வரலாற்றின் அந்தப் பக்கத்தை மகனுக்கு எடுத்துச் சொல்ல நல்ல வாய்ப்பு.

கேள்வி: மார்வெலா, டிசியா?
பள்ளி மாணவன், பாகூர்

தம்பி, எனக்கு மிகவும் பிடித்த தொடர்களில் ஒன்று டேர்டெவில், இன்னொன்று மேலே சொன்ன பேட்மேன். முதலாவது மார்வெல் என்னும் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனத்துடையது, இரண்டாவது அதன் போட்டியாளரான டிசியுடையது.

கேள்வி: எங்கள் வீட்டில் கன்சோல் இல்லை, பழைய மடிக்கணினி ஒன்றுதான் இருக்கிறது. மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போய்விடும். நான் எந்த விளையாட்டிலிருந்து தொடங்கலாம்?
பாலிடெக்னிக் மாணவர், நெல்லிக்குப்பம்

சூப்பர்ஹீரோ விளையாட்டுதான் வேண்டும் என்றால், 2009இல் வந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ நல்ல தொடக்கம். பழைய விளையாட்டு என்பதால், ஓரளவு கிராபிக்ஸ் வசதி உள்ள கணினியிலேயே ஓடும். ஒரே இரவு, ஒரே தீவு, ஒரே மனநலச் சிறை என்று கதைக்களத்தைச் சுருக்கிக்கொண்டதே அதன் பலம். துப்பாக்கி ஏந்திய அடியாட்கள் நிறைந்த கூடத்துக்குள் நேராக இறங்கினால், பேட்மேன் சில நொடிகளில் இறந்துவிடுவான். உச்சியில் இருக்கும் கற்சிலைகளின் மேல் அமர்ந்து, யார் எப்போது தனியாகப் பிரிந்து நடக்கிறார் என்று பொறுமையாகக் கவனித்த பிறகே இறங்க வேண்டும். நாயகனுக்கு அமானுஷ்ய ஆற்றல் எதுவும் இல்லை என்பதை விளையாட்டின் விதியாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது, சூப்பர்ஹீரோ யாரும் இல்லாத ஒரு விளையாட்டை. அதன் பெயர் ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் உருவாக்கி, 2023 ஜூலை 31இல் வெளிவந்தது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை அது. வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதில் சில பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, சில இடங்களில் எழுத்து அழிந்திருக்கிறது. விடுபட்டதை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளைப் பாத்திரத்தில் எப்படி அடுக்க வேண்டும் என்பதே முதல் புதிர். நம் வீட்டுச் சிறுமிக்கும் விடை தெரிந்த அந்தப் புதிரில் உலகெங்கும் பலர் திணறியிருப்பார்கள் என்று எண்ணியபோது, முதன்முறையாக ஒரு வீடியோ கேம் என் வீட்டுக்குள்ளிருந்து பேசுவதாக உணர்ந்தேன். ஒரே மாலையில் ஆடி முடித்துவிடலாம். பிறகு உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள்.

மின்தடை பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நாளெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால், மாலையில் ஸ்பைடர்மேனை ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தைத் தானாகச் சேமிக்கும் சின்னம் திரையின் ஓரத்தில் சுழன்றுகொண்டிருந்த அதே நொடியில் மின்சாரம் போனது. மின்சாரம் திரும்பி வந்து கன்சோலைப் போட்டபோது, அந்தச் சேமிப்பு கெட்டுப்போயிருந்தது. முந்தைய வாரத்தில் நானே கையால் சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன். புயல் எங்கள் பகுதியில் பலருடைய வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்திருந்த நேரத்தில் இதை இழப்பு என்று சொல்லவே கூடாது. இருப்பினும், அதிலிருந்து ஒரு பழக்கம் கற்றுக்கொண்டேன். தானியங்கிச் சேமிப்பை மட்டும் நம்பாமல், விளையாட்டு அனுமதிக்கும் இடங்களில் இரண்டு தனி இடங்களில் மாற்றி மாற்றிக் கையால் சேமிக்கிறேன். உங்கள் மடிக்கணினியில் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், இவ்வகையில் நீங்கள் என்னைவிட வசதியானவர்.

கேள்வி: என் தாத்தா பாரதக் கூத்தில் வேடம் கட்டியவர். நம் மண்ணிலிருந்து சூப்பர்ஹீரோ கதைகள் உருவாக முடியாதா?
கல்லூரி மாணவி, பண்ருட்டி

உங்கள் தாத்தா திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்கிய நொடியை நினைத்துப் பாருங்கள். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் முதலில் கிரீடம் தெரியும், சலங்கை ஒலி கேட்கும். கட்டியங்காரன் யார் நீ என்று கேட்க, வேடக்காரர் தம் பெயரையும் குலத்தையும் தாமே எடுத்துரைப்பார். இன்றைய தொடர்கள் ஒரு முழு எபிசோடு செலவழித்துச் சொல்லும் நாயகனின் தோற்றக் கதை, கூத்தில் அந்தச் சில பாட்டுகளில் முடிந்துவிடுகிறது. பிறவியிலேயே கிடைத்த கவசத்தையும் குண்டலத்தையும் கேட்டவருக்கு அறுத்துக் கொடுத்துவிட்டுப் போர்க்களம் போகும் கர்ணனைவிடப் பெரிய சூப்பர்ஹீரோவை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. ஆற்றலைப் பெறுவதில் தொடங்கும் கதைகள் ஏராளம். ஆற்றலைக் கொடுத்துவிடுவதில் உச்சம் அடையும் கதை அது.

புதிய முயற்சிகளில், 2021 டிசம்பரில் வந்த மலையாளத் திரைப்படமான ‘மின்னல் முரளி’யைப் பாருங்கள். ஒரே மின்னல் ஒரே இரவில் இருவரைத் தாக்குகிறது. ஒருவன் ஊரின் தையற்காரன்; மற்றவன், ஊரார் பைத்தியம் என்று ஒதுக்கிவைத்த ஏழை. இருவருக்கும் அந்த மின்னலிலிருந்துதான் ஆற்றல் கிடைக்கிறது. ஊர் அவர்களை நடத்திய விதமே ஒருவனை நாயகனாகவும் மற்றவனை வில்லனாகவும் ஆக்குகிறது. அந்த வில்லனாக நடித்த குரு சோமசுந்தரம் நம் தமிழ்நாட்டவர், ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறையில் பயின்றவர். அவர் முகம் மாறும் ஒரு காட்சிக்காகவே அந்தப் படத்தை இருமுறை பார்த்தேன். தமிழில் 2023இல் வந்த ‘மாவீரன்’, தனக்கு மட்டும் கேட்கும் ஒரு குரலின் கட்டளையால் வீரனாக்கப்படும் பயந்த சுபாவமுள்ள ஓவியனைக் காட்டியது. இரண்டும் நம் தெருக்களில் நடக்கும் கதைகள். கூத்தின் அடவையும் அறிமுகப் பாட்டையும் அறிந்த நீங்கள் எழுதினால், அது இவற்றிலிருந்தும் வேறுபட்டதாக இருக்கும். எழுதுங்கள்.

கேள்வி: 2018இல் வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்தை வீட்டில் பார்த்தபோது, நாயகன் மைல்ஸ் மட்டும் விட்டுவிட்டு நகர்வது போல் தெரிந்தது. என் தொலைக்காட்சியில் கோளாறா?
மென்பொருள் ஊழியர், லாசுப்பேட்டை

‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தைச் சொல்கிறீர்கள். கோளாறு இல்லை, உங்கள் கண் கூர்மையானது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். படத்தின் முற்பகுதியில் மைல்ஸின் ஒவ்வொரு அசைவையும் இரண்டிரண்டு படங்களுக்கு அப்படியே நிறுத்திவைத்தார்கள். ஆகவே அவன் ஒரு நொடிக்கு 12 முறை மட்டுமே நகர்கிறான். அனுபவசாலியான பீட்டர் பார்க்கரோ 24 முறையும் நகர்கிறான். இருவரும் காட்டு மரங்களுக்கு நடுவே ஊசலாடித் தப்பும் காட்சியில் இந்த வேறுபாடு அருகருகே தெரியும். கற்றுக்கொள்ளும் சிறுவனின் தடுமாற்றத்தை வசனம் இன்றி, படங்களின் எண்ணிக்கையிலேயே சொல்லியிருக்கிறார்கள். பின்னர் அவன் தன்னம்பிக்கை பெற்று உயரத்திலிருந்து குதிக்கும்போது, அவனுடைய அசைவும் முழுமை அடைந்துவிடும்.

ஆனால் உங்கள் தொலைக்காட்சியில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். இக்காலத் தொலைக்காட்சிகள் பலவற்றில், இரண்டு படங்களுக்கு இடையே தாமாகவே புதிய படங்களை இட்டு நிரப்பி அசைவை வழவழப்பாக்கும் வசதி, வாங்கும்போதே இயக்கத்தில் இருக்கும். கிரிக்கெட் பார்ப்பதற்கு அது உதவலாம். இந்தப் படத்தில் ஓவியர்கள் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை அது அரைகுறையாக நிரப்பி, சில இடங்களில் அந்த விட்டுவிட்டு நகரும் தோற்றத்தை அதிகமாக்கிவிடும். பட அமைப்புகளுக்குள் சென்று, ‘மோஷன்’ என்ற சொல்லோடு வரும் அந்த வசதியை நிறுத்திவிட்டு, காட்டுக் காட்சியை மட்டும் மறுபடியும் போட்டுப் பாருங்கள்.